கருவாடு விற்ற காசு

1968 மே மாதம் ஸ்பெயினின் ஹராமா பந்தயத் தளத்தில் கிரஹாம் ஹில் ஓட்டி ஜெயித்த லோட்டஸ் கார் சிவப்பும் வெள்ளையும் பொன்னுமாக இருந்தது. அதுவரை பெரும்பாலும் அணி எந்த நாடோ அந்த நாட்டு நிறம்தான் காருக்கு. பிரிட்டன் என்றால் பச்சை, இத்தாலி என்றால் சிவப்பு, பிரான்ஸ் என்றால் நீலம். ஹில்லின் கார் பூசியிருந்ததோ கோல்ட் லீஃப் சிகரெட் பெட்டியின் நிறம். லோட்டஸ் முதலாளி காலின் சாப்மன் அணியின் பெயரையே 'கோல்ட் லீஃப் டீம் லோட்டஸ்' என்று மாற்றிவிட்டார். பந்தயம் நடத்தப் பணம் வேண்டும், கொடுக்க ஆள் வந்தான், நிறத்தை விற்றார். அவ்வளவுதான்.

வந்த ஆள் ஏன் சிகரெட் கம்பெனியாக இருந்தான் என்பதற்கு வருஷக் கணக்கிலேயே பதில் இருக்கிறது. பிரிட்டனில் தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரம் கூடாது என்ற தடை வந்தது 1965இல். அமெரிக்காவில் தொலைக்காட்சி, வானொலி இரண்டிலும் தடை 1971 ஜனவரியில். அதே 1971இல் ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் நிறுவனம் அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயத் தொடரோடு கைகோத்தது. 'வின்ஸ்டன் கப்' என்ற பெயர் 2003 வரை ஓடியது. டிவியில் விளம்பரம் காட்டக் கூடாது என்றுதான் சட்டம் சொன்னது. டிவியில் ஓடும் காரைக் காட்டக் கூடாது என்று சொல்லவில்லையே!

ஆலன் ப்ளம் என்ற அமெரிக்க மருத்துவர் 1989இல் நடந்த 'மார்ல்பரோ கிராண்ட் பிரீ' பந்தயத்தின் ஒளிபரப்பைப் பொறுமையாக உட்கார்ந்து எண்ணினார். 94 நிமிட ஒளிபரப்பில் மார்ல்பரோ என்ற பெயர் 5,933 முறை கண்ணிலோ காதிலோ பட்டது. ஏறக்குறைய பாதி நேரத்துக்கு, அதாவது 46 நிமிடத்துக்கு, திரையில் எங்காவது அந்தப் பெயர் இருந்தது. காசு கொடுத்து வாங்கும் முப்பது விநாடி விளம்பரத்தில் எத்தனை முறை பெயரைச் சொல்லிவிட முடியும்? தடை போட்டவர்கள் ஜன்னலைச் சாத்தினார்கள். கம்பெனி வாசல் வழியாகவே வந்துவிட்டது.

நம் ஊர்க் கோயில்களில் ட்யூப்லைட் மேலேயே 'உபயம்: இன்னார்' என்று வெளிச்சம் வராத அளவுக்கு எழுதியிருப்பதைப் பார்த்துச் சிரிக்கிறோம். அந்த உபயக்காரருக்குத் தேவை பெயர், கொஞ்சம் புண்ணியம். சிகரெட் கம்பெனிக்கு இரண்டும் வேண்டாம். யாரும் நன்றி சொல்ல வேண்டும் என்று அது எதிர்பார்த்ததே இல்லை. அதற்கு வேண்டியிருந்தது வேறு.

அது என்ன என்பது என் பள்ளிக்கூட நோட்டில் இருந்தது. தொண்ணூறுகளில் கேபிள் டிவி வந்த புதிதில் ஃபார்முலா ஒன் பைத்தியம் பிடித்த பையன்களில் நானும் ஒருவன். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்கள் முழுக்க அயர்ட்டன் சென்னாவின் மெக்லாரன் கார். சிவப்புப் பென்சில்தான் சீக்கிரம் தீரும். இன்ஜின் மூடியில் சிவப்பு மேலேறி முக்கோணமாகக் கூம்பும் இடத்தை ஸ்கேல் வைத்துப் போடுவேன். அதன் கீழே அந்தப் பெயர்: நடுவில் 'எல்'லும் 'பி'யும் மற்ற எழுத்துகளைவிட உயரமாக, ஒல்லியாக எழுந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அழித்து மறுபடி எழுதுவேன். மார்ல்பரோ பெட்டியை அப்போது நான் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் தெருப் பெட்டிக்கடையில் சிஸர்ஸும் பீடிக்கட்டும்தான் இருக்கும். பார்க்காத ஒரு பெட்டியின் எழுத்து வடிவம் ஒரு பையனின் கைக்கு மனப்பாடம். ஒளிபரப்பு நேரத்தை எண்ணிவிடலாம். இதை எப்படி எண்ணுவது?

நான் புகைப்பவன் ஆகவில்லை. அதனால் விளம்பரம் பலிக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. 1997இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வு, சிகரெட் பிடிக்காத இங்கிலாந்துப் பள்ளிச் சிறுவர்களை ஓராண்டு கழித்து மறுபடி விசாரித்தது. கார் பந்தயம்தான் பிடித்த விளையாட்டு என்றவர்களில், மற்றவர்களைவிட அதிகம் பேர் புகைக்கத் தொடங்கியிருந்தார்கள். நான் தப்பினேன், அவர்கள் தப்பவில்லை. தனி ஒருவன் தப்பியதை வைத்து இதில் கணக்கு முடிக்க முடியாது.

எதிர்த் தரப்பின் வாதத்தை லேசாகத் தள்ளவும் எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அதில் ஒன்று என்னை உண்மையிலேயே தடுமாற வைத்தது. சென்னா ஓட்டிய கார்களின் பெயர் வரிசை 'எம்.பி.4'. அந்தப் பெயரின் தொடக்க கால விரிவு 'மார்ல்பரோ ப்ராஜெக்ட் ஃபோர்'. 1981இல் வந்த முதல் எம்.பி.4, ஓட்டுநர் உட்காரும் கூட்டை முழுக்கக் கார்பன் நாரால் செய்து காட்டிய வண்டி. அந்த வருஷம் இத்தாலியின் மோன்ஸாவில் ஜான் வாட்சன் அதை வேலியில் மோதினார். இன்ஜினும் பின்சக்கரங்களும் பிய்ந்துபோய் ரோட்டில் உருண்டன, தீ பிடித்தது. வாட்சன் எழுந்து நடந்து வந்தார். பழைய அலுமினியக் கூடாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று பார்த்தவர்களுக்கெல்லாம் புரிந்தது. சில வருஷங்களில் எல்லா அணிகளும் கார்பன் நாருக்கு மாறின. எத்தனையோ ஓட்டுநர்கள் இன்று பேரன் பேத்தியோடு இருப்பதற்கு அந்தக் கூடும் ஒரு காரணம். அதற்கான பணத்தில் பெரும்பங்கு சிகரெட் விற்ற பணம்.

நாய் விற்ற காசு குரைக்குமா, கருவாடு விற்ற காசு நாறுமா என்று கேட்பார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். சுத்தமான காசுக்காகக் காத்திருந்தால் உலகத்தில் பாதிக் கல்லூரியும் முக்கால்வாசி ஆஸ்பத்திரியும் எழும்பியிருக்காது. காசு வந்த வழியை மட்டும் கேள்வி கேட்பவனுக்கு அந்தப் பழமொழி நல்ல பதில்தான்.

ஆனால் கருவாடு விற்றவன் அந்தக் காசில் அரிசி வாங்குகிறான். கதை அங்கே முடிந்துவிடுகிறது. சிகரெட் கம்பெனி பந்தயத்தில் போட்ட காசு மறுபடி சிகரெட்டை விற்பதற்குத்தான் போடப்பட்டது. மோன்ஸாவில் ஓர் உயிரைக் காப்பாற்றியது வழியில் நடந்த நல்ல காரியம். அதற்காக யாரும் காசோலை எழுதவில்லை. அந்தக் காசு வாங்க வந்தது கேலரியிலும் டிவி முன்னாலும் உட்கார்ந்திருந்தவர்களை. நாங்கள் விளையாட்டை வாங்கிக்கொண்டிருப்பதாக நினைத்தோம். கடையில் சரக்காக இருந்ததே நாங்கள்தான். காசு எங்கிருந்து வந்தது என்பதைவிட எதை வாங்க வந்தது என்று கேட்பதே சரியான கேள்வி என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. எண்ணெய்க் காசு, வங்கிக் காசு, இன்றைக்குக் கார்களில் ஒட்டியிருக்கும் எந்தக் காசுக்கும் இதே கேள்வியைப் போட்டுப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வராது.

விரும்பிப் பிடிக்கிறவன் பிடிக்கட்டும், விரும்பி ஓட்டுகிறவன் ஓட்டட்டும், இரண்டும் ஆபத்துதானே என்றும் ஒரு வாதம். ஜேம்ஸ் ஹன்ட்டைத்தான் அதற்கு உதாரணம் காட்டுவார்கள்: மார்ல்பரோ மெக்லாரனில் 1976 உலக சாம்பியன், காரை விட்டு இறங்கினால் கையில் சிகரெட், 45 வயதில் மாரடைப்பில் போனார். அவர் வாழ்க்கை, அவர் இஷ்டம். ஆனால் பந்தயத்தின் ஆபத்தைக் குறைக்க அதே அறுபதுகளிலிருந்து வேலி, ஹெல்மெட், தீயணைப்பு, டாக்டர் என்று ஒவ்வொன்றாகப் போராடிச் சேர்த்தார்கள். காரின் பக்கவாட்டில் எழுதியிருந்த பொருளின் ஆபத்தைக் குறைக்க எழுதியவர்கள் என்ன செய்தார்கள்? பன்னிரண்டு வயதுப் பையன் எந்த இஷ்டத்தில் அந்த எழுத்தை வரைந்தான்?

1997இல் நடந்தது எனக்குத் தனிப்பட்ட எரிச்சல். புகையிலை விளம்பரத்தைத் தடைசெய்வோம் என்று சொல்லி ஜெயித்த டோனி பிளேரின் அரசு, ஃபார்முலா ஒன்னுக்கு மட்டும் விலக்கு கேட்டது. ஃபார்முலா ஒன்னின் பெரிய கையான பெர்னி எக்லஸ்டன் தேர்தலுக்கு முன்பே பிளேரின் கட்சிக்குப் பத்து லட்சம் பவுண்டு கொடுத்திருந்தது வெளியே வந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், பிளேர் டிவியில் வந்து தான் நேர்மையான ஆள் என்றார். லஞ்சமா நன்கொடையா என்று அந்த ஊர்ப் பத்திரிகைகள் அலசித் தீர்த்துவிட்டன. எனக்கு உறைத்தது, விலக்குக்குச் சொல்லப்பட்ட காரணம்: தடை போட்டால் பந்தயம் ஆசியாவுக்குப் போய்விடும். போனால் ஐரோப்பாவுக்கு நஷ்டம் என்று இரண்டு பக்கமும் பேசினார்கள். வந்து சேரும் இடத்தில் இருப்பவனுக்கும் நுரையீரல் உண்டு என்பது அந்தப் பேச்சில் எங்குமே இல்லை. 'வேறெங்கோ' என்று அவர்கள் சொன்ன இடத்தில்தான் நாம் குடியிருந்தோம். நமக்கும் சிகரெட் காசு புதிதில்லை; நம் கிரிக்கெட் வீரர்களின் சட்டையில் வில்ஸ் என்று இருந்ததும், சென்னை டென்னிஸ் பந்தயம் கோல்ட் ஃபிளேக் பெயரில் நடந்ததும் அதே காலம்தான். புகையிலை விளம்பரத்துக்கு எதிரான நம் சட்டம் 2003இல் வந்தது.

ஐரோப்பாவில் அந்த விளம்பரத்துக்குக் கதவு அடைபட்டது 2005 ஜூலை 31. அன்றைக்கென்று ஹங்கேரியில் பந்தயம். சிகரெட் காசு போனால் செத்துவிடும் என்ற விளையாட்டு இன்று முன்னைவிடச் செழிப்பாக இருக்கிறது. ஃபெராரி மட்டும் விடவில்லை. 2007இல்கூட பஹ்ரைன், சீனா போன்ற இடங்களில் மார்ல்பரோ பெயரோடு ஓடியது. அப்புறம் பெயருக்குப் பதில் இன்ஜின் மூடியில் பார்கோடு போலச் சில கோடுகள்: வண்டி நின்றால் வெறும் கோடு, பறந்தால் பழைய சிகரெட் பெட்டி. அப்படியெல்லாம் இல்லை என்று சாதித்தார்கள். மருத்துவர்கள் விடாமல் கேட்கவும் 2010 மே மாதம் அதையும் அழித்தார்கள். பெயர் தேவைப்படாத அளவுக்கு அந்தச் சிவப்பு எங்கள் கண்ணில் ஏறியிருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பந்தயம் பார்ப்பதை நான் விடவில்லை. விட்டால் யாருக்கு என்ன லாபம் என்று எனக்குத் தெரியவில்லை. இப்போது பக்கத்தில் அக்கா பையன் உட்கார்ந்திருப்பான், பதினொன்றாவது படிக்கிறான், டயர் கணக்கெல்லாம் எனக்கே பாடம் எடுப்பான். மெக்லாரன் காரைக் காட்டி, "மாமா, வெலோன்னா என்ன?" என்று ஒருநாள் கேட்டான். நிகோடின் போட்ட சின்னப் பொட்டலம், உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் அடக்கிக்கொள்வது, புகையிலை கிடையாதாம், சிகரெட் கம்பெனி விற்பது என்றேன். ஒரு நிமிஷம் யோசித்தான்.

"நம்ம ஊரு ஹான்ஸ் மாதிரியா?"

"ஏறக்குறைய அதுதான்டா."

"ஹான்ஸா! மெக்லாரன்லயா!" என்று அவன் விழுந்து விழுந்து சிரித்ததில், அடுத்த இரண்டு சுற்றில் யார் முந்தினார்கள் என்பதை நாங்கள் பார்க்கவேயில்லை.