அயலவன் காணியில் நமது காலடி



இஸ்ராயேல் மக்கள் காதேசிலே தங்கியிருந்த காலத்தில், மோயீசன் ஏதோம் நாட்டு அரசனிடம் தூதுவரை அனுப்பி வழி கேட்டார். வயலிலோ திராட்சைத் தோட்டத்திலோ கால் வைப்பதில்லை என்றும், பொதுப்பாதையை விட்டு விலகுவதில்லை என்றும், ஆடுமாடுகள் குடிக்கும் தண்ணீருக்குக்கூட விலை கொடுப்பதாகவும் வாக்களித்தார். ஏதோம் இணங்கவில்லை, படையோடு வந்து வழிமறித்து நின்றான். இத்தனைக்கும் இரு சாராரும் ஏசா, யாக்கோபு என்னும் உடன்பிறந்தாரின் சந்ததியார். இஸ்ராயேலர் வாளெடுக்காமல் சுற்றுவழியே போனார்கள் (எண்ணாகமம் 20).

இதே வழக்கு இன்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நடக்கிறது. தகப்பன் காலத்தில் ஒன்றாயிருந்த வளவு, பிள்ளைகளுக்குப் பங்கிடப்பட்டு முன்காணி, பின்காணி என்றாகிறது. பின்காணியிலிருந்து வீதிக்கு வர, முன்வீட்டுக்காரரின் கார் போகும் பாதையே வழி. தகப்பன் இருந்தவரை கேற்றுக்குப் பூட்டில்லை. பின்பு காணி கைமாறுகிறது, பேர்ச் விலை ஏறுகிறது, பூட்டும் வந்து சேருகிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரே பந்தியில் நற்கருணை வாங்கிய இரு குடும்பங்கள், திங்கட்கிழமை நீதிமன்றத்தில் எதிரெதிரே நிற்கின்றன.

நாட்டின் சட்டம் இதைப் பற்றிச் சொல்வதை அறிந்துகொள்வது நல்லது. நமது காணிச் சட்டத்துக்கு அடிப்படையான ரோமன் டச்சுச் சட்டம், பிறர் காணியில் வழியுரிமை உண்டென ஏற்கிறது. நொத்தாரிசு எழுதிய உறுதியால் அது வரலாம். காணி உரித்துகளை வாய்ச்சொல்லால் கொடுக்க முடியாதென 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்திருக்கிறது. வீதிக்கு வர வேறு வழியே இல்லாதவருக்கு, அவசியத்தின் பேரில் நீதிமன்றம் வழி கொடுக்கலாம். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, தடையின்றி, எவருடைய அனுமதிக்கும் கீழ்ப்படாமல் 10 ஆண்டுகள் ஒரே தடத்தில் நடந்துவந்தவருக்கும் உரிமை பிறக்கும்.

இந்தப் 10 ஆண்டுக் கணக்குத்தான் அநேக கேற்றுகளைப் பூட்டுகிறது. "இன்று இரங்கி விட்டால் நாளை உரிமை கேட்பார்களே" என்ற பயம்! கல்நெஞ்சம் அல்ல, பயமே பல வீடுகளில் பூட்டுக்குக் காரணம்.

ஆனால், பிரியமானவர்களே, சட்டத்தைச் சரியாக வாசித்தால் அந்தப் பயத்துக்கு மருந்தும் அங்கேயே இருக்கிறது. அனுமதி கேட்டு, அனுமதி பெற்று நடப்பவனுக்கு, எத்தனை ஆண்டு நடந்தாலும் அந்த நடையால் உரிமை பிறப்பதில்லை. ஆகவே முன்வீட்டுக்காரரே, "என் அனுமதியின் பேரில் நடக்கிறார்" என்று ஒரு கடிதம் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். தருமமும் நடக்கும், காணியும் போகாது. உண்மையை எழுதிவைப்பது அன்புக்குக் குறைவல்ல; அன்பு பயமின்றி வாழ அதுவே துணை. உறுதியிலேயே அவருக்கு வழி எழுதப்பட்டிருந்தால் கடிதமும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம். அது அவருடைய உரிமை. அதைப் பூட்டுவது அநீதி.

பின்வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை. ஏசாவின் மக்களுடைய எல்லை வழியே போகையில், அவர்கள் நிலத்தில் ஓர் அடியையும் சொந்தமென்று கொள்ளாதபடி ஆண்டவர் தம் மக்களுக்குக் கட்டளையிட்டார் (உபாகமம் 2). வழி உங்களுடையது, நிலம் அவருடையது. கால்நடைப் பாதையாகக் கிடைத்ததைக் கார்ப்பாதை ஆக்காதீர்கள். அவர் கேற்றை மறித்து வாகனம் நிறுத்தாதீர்கள். உங்கள் காணிக்குக் கிடைத்த வழியால் வேறொரு காணிக்குப் போகாதீர்கள். இரங்கி விட்டவரை ஏமாற்றி, "10 ஆண்டு நடந்தேன்" என்று பொய்ச்சத்தியம் செய்வது களவு. அது பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டிய பாவம்.

பிணக்கு ஏற்கனவே முற்றிவிட்டதா? நீதிமன்றத்துக்குப் போகும் வழியிலேயே எதிராளியோடு சமாதானமாகும்படி நமதாண்டவர் மலைப்பிரசங்கத்தில் போதித்தார். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபைகள் அந்த வழியில் நமக்குக் கிடைத்த ஓர் உதவி. காணி வழக்கு பிள்ளைகள் காலம்வரை இழுபடுவதை நாம் கண்டிருக்கிறோம். தீர்ப்பு வரும்போது வழி கேட்ட கிழவி உயிரோடு இருப்பதில்லை. அவளுடைய சவப்பெட்டி மட்டும் அந்தப் பாதையால் போகிறது.

ஏதோம் வழி மறுத்த பின்பும், ஏதோமியனை வெறுக்கலாகாது, அவன் உன் சகோதரன் என்பதே இஸ்ராயேலுக்குக் கொடுக்கப்பட்ட சட்டம் (உபாகமம் 23). ஆதலால், வருகிற ஞாயிறு பூசைக்குப் புறப்படுமுன் அயல்வீட்டுக் கதவைத் தட்டுங்கள். காணிக்கையைப் பீடத்தண்டை வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்னவர், அங்கே உங்களுக்காகக் காத்திருக்கிறார்.