அயல்மொழி தரும் கடன்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் படித்துக்கொண்டே ராணுவ அதிகாரியாகப் பயிற்சி பெறுகிறவர்கள் ஆர்.ஓ.டி.சி. கேடட்டுகள். கோடை விடுமுறையில் இவர்களை வெளிநாட்டுக்கு அனுப்பி, அங்குள்ள மக்களோடு தங்கவைத்து மொழி கற்பிக்கும் வழக்கம் இந்த நூற்றாண்டில் வலுப்பெற்றது. ஆப்கானிஸ்தானிலும் இராக்கிலும் எதிரே நிற்பவர் என்ன சொல்கிறார் என்றே விளங்காமல் தெருத்தெருவாக நடந்த படைகளின் அனுபவம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். 2007இல் பாதுகாப்புத் துறையின் பணத்தில் ‘ப்ராஜெக்ட் குளோபல் ஆஃபீசர்’ என்ற திட்டம் தொடங்கியது. அரபு, சீனம், ரஷ்யன், பாரசீகம், கொரியன், சுவாஹிலி என நாட்டின் பாதுகாப்புக்குத் தேவை என்று அரசு கருதிய மொழிகளே அதில் முதலிடம் பெற்றன. புறப்படுமுன் கேடட் செய்து முடிக்க வேண்டிய வேலைகள் ஏராளம். பாஸ்போர்ட், விசா, தடுப்பூசி, மருத்துவச் சான்று, பயங்கரவாதத் தாக்குதலிலிருந்து தற்காத்துக்கொள்ளும் பயிற்சி, போதாக்குறைக்குப் புதிய எழுத்துகளும் அடிப்படை இலக்கணமும். இத்தனைக்கும் நடுவே எந்தப் படிவமும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. என்றாவது ஒரு போரில் உதவும் என்ற நோக்கத்தோடு ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கி, அவர்கள் சமைத்ததைச் சாப்பிட்டு, அவர்கள் வாயிலிருந்தே அவர்கள் மொழியைக் கற்றுக்கொள்வது அறமாகுமா?

ஆகும் என்பதே என் முடிவு. ஆனால் அந்த அறம் தானாக வந்து சேராது. கற்றுக்கொள்கிற கேடட், கற்பித்தவர்களுக்குக் கடன்பட்டவராகிறார். கடன்பட்டோம் என்பதைப் புறப்படும் முன்பே ஒப்புக்கொண்டு, அதற்கேற்பத் தன்னைத் தயார்செய்துகொண்டால்தான் அந்தக் கல்வி அறத்தின் பக்கம் நிற்கும். இல்லாவிட்டால் அது நம்பிக்கையை வைத்து நடத்தும் சுரண்டல்.

நியாயப் போர் பற்றிக் கிறிஸ்தவ உலகம் இன்றுவரை நடத்தும் விவாதத்துக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் புனித அகஸ்டின். அவரே மொழி வேற்றுமையைப் பற்றியும் எழுதியிருக்கிறார் என்பது பலரும் கவனிக்காத செய்தி. ‘கடவுளின் நகரம்’ நூலின் 19ஆம் புத்தகத்தில், மொழி புரியாத இரண்டு மனிதர் வழியில் சந்தித்துச் சேர்ந்திருக்க நேர்ந்தால், ஒரே மனித இயல்பு அவர்களை இணைக்கப் போதாது என்கிறார். அந்த அந்நியனோடு இருப்பதைவிடத் தன் நாயோடு இருப்பதையே ஒருவன் விரும்புவான் என்பது அவருடைய கசப்பான கணிப்பு. உடனே ரோமாபுரியின் பக்கம் திரும்புகிறார். வென்ற நாடுகளின் மேல் ரோம் தன் மொழியையும் சேர்த்தே சுமத்தியது. அதனால் மொழிபெயர்ப்பாளருக்குப் பஞ்சமில்லாமல் போனது உண்மைதான், ஆனால் அந்த ஒற்றுமைக்கு எத்தனை போர், எத்தனை ரத்தம் என்று கேட்கிறார். நியாயமான போருக்காகவும் அறிவுள்ளவன் அழத்தான் வேண்டும் என்பது அதே இடத்தில் அவர் சொல்வது. பேரரசுகள் வழக்கமாகப் போன பாதையை அவர் இப்படித் துல்லியமாகக் காட்டிவிட்டார். வல்லவன் பேசுவான், மற்றவர்கள் அவன் மொழியைக் கற்றுக்கொள்ள வேண்டும். வல்லரசின் வருங்கால அதிகாரி சிறிய நாடொன்றின் மாணவராகப் போய் உட்காரும்போது அந்தப் பாதை தலைகீழாகத் திரும்புகிறது. இதைச் சின்ன விஷயமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். கட்டளையிடப் பழகிவரும் இருபது வயது இளைஞர் சாப்பாட்டு மேசையில் உப்பு கேட்கிறார். வினையின் விகுதி தப்பாகிறது. வீட்டுக் குழந்தை சிரிக்கிறது, தாய் திருத்துகிறார், இளைஞர் திருப்பிச் சொல்கிறார், மறுபடியும் தப்பாகிறது. பதவியும் உடல் வலிமையும் அந்த மேசையில் செல்லாது. தனக்குத் தெரியாது, தெரிந்தவர் அவர் என்று ஒரு நாளைக்குப் பலமுறை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. துறவு மரபுள்ள சமயங்கள் தம் துறவிகளிடம் கேட்கும் பணிவு இதுதான். மிடில்பரி கல்லூரியின் மொழிப்பள்ளிகளில் மாணவர்கள் கற்கும் மொழியைத் தவிர வேறெதையும் பேசமாட்டோம் என்று உறுதிமொழி எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கும் விரதத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை. இந்தப் பணிவின் வழியாகக் கிடைப்பதைச் சம்பளம் கொடுத்து வாங்கிய பொருளாகக் கருத முடியாது. தங்குமிடத்துக்குத் திட்டம் பணம் கட்டியிருக்கலாம், ஆனால் அந்தத் தாய் காட்டிய பொறுமைக்கு யாரும் ரசீது போடவில்லை. மனிதன் பிறக்கும்போதே சுமந்துவரும் கடன்களில் ரிஷிகளுக்குப் பட்ட கடனையும் ஒன்றாக வைத்தது வேத மரபு. மற்ற அறங்களைச் சிதைத்தவருக்கும் உய்வு உண்டு, நன்றியைக் கொன்றவருக்கு இல்லை என்பது வள்ளுவரின் கடுமையான தீர்ப்பு. இவற்றைக் கேடட்டின் நிலைக்குப் பொருத்திப் பார்த்தால் வரும் முடிவு தெளிவானது: கற்ற மொழியைக் கற்பித்தவர்களின் அழிவுக்கான வெறும் கருவியாக்குவது, மற்ற ஆயுதங்களைப் பயன்படுத்துவதைவிடக் கனமான குற்றம்.

இது வெறும் தத்துவம் இல்லை என்பதற்கு ஜப்பானின் ஓகினாவா தீவே சாட்சி. 1945 ஏப்ரல் 1 அன்று அமெரிக்கப் படை அந்தத் தீவில் இறங்கியது. யோமிதான் பகுதியின் ஷிமுகு குகையில் ஏறக்குறைய 1,000 பேர் ஒளிந்திருந்தார்கள். பிடிபட்டால் சித்திரவதைதான் என்று எல்லோரும் நம்பவைக்கப்பட்டிருந்தார்கள். ஹவாயில் வாழ்ந்து திரும்பிய இருவர் அவர்களுக்கிடையே இருந்தனர். அமெரிக்கர்கள் பொதுமக்களைக் கொல்லமாட்டார்கள் என்று உள்ளே இருந்தவர்களிடம் வாதாடி, வெளியே வந்து படைவீரர்களிடம் ஆங்கிலத்தில் பேசி, அத்தனை பேரையும் உயிரோடு வெளியே கொண்டுவந்தார்கள். அருகிலேயே இருந்தது சிபிசிரி குகை. ஏறக்குறைய 140 பேர் அதில் இருந்தார்கள். இப்படி இருவர் அங்கே இல்லை. மறுநாள் 83 பேர் தற்கொலையிலும் உறவினர் கையாலும் மடிந்தார்கள். ஷிமுகுவில் உயிர்காத்தது சொல்வளம் மட்டுமில்லை. அயலார் நடுவில் வாழ்ந்ததால் அவர்களும் மனிதர்களே என்று அந்த இருவருக்கும் தெரிந்திருந்தது. வகுப்பறைக்கும் வாழ்ந்து கற்பதற்கும் உள்ள வேறுபாடு இதில்தான் இருக்கிறது.

எதிர்ப்பக்கத்திலும் மொழி அறிந்தவர்கள் இருந்தார்கள். 1941 நவம்பரில், பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்குச் சில வாரங்களே இருந்தபோது, அமெரிக்க ராணுவம் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு ஜப்பானிய மொழிப் பள்ளியை ரகசியமாகத் தொடங்கியது. முதல் அணியில் 60 மாணவர்கள், அவர்களில் 58 பேர் ஜப்பானிய வம்சாவளியினர். இன்று மாண்டரேயில் இருக்கும் ராணுவ மொழிக் கல்லூரியின் வேர் அதுதான். அந்தப் பள்ளி வழிவந்தவர்களில் ஒருவர் தகேஜிரோ ஹிகா. ஹவாயில் பிறந்து ஓகினாவாவில் வளர்ந்தவர், அமெரிக்கச் சீருடையில் அங்கேயே திரும்பிப்போனார். ஒருநாள் விசாரணைக்கு வந்த இரண்டு கைதிகள் அவருடைய பள்ளித் தோழர்கள். தனக்கு முன்னால் நிற்பது யார் என்று தெரிந்துகொண்டே அவர்களிடம் பள்ளியைப் பற்றியும் ஆசிரியரைப் பற்றியும் விசாரித்து, கடைசியில்தான் தன்னை வெளிப்படுத்தினார். கடற்படையின் மொழிப் பள்ளியில் படித்த டொனால்ட் கீனுக்கு ஹவாயில் கிடைத்த வேலை, இறந்த ஜப்பானிய வீரர்களின் நாட்குறிப்புகளைப் படிப்பது. போர் முடிந்தபின் இதை என் குடும்பத்திடம் சேர்த்துவிடுங்கள் என்று சிலர் கடைசிப் பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதிவைத்திருந்தார்கள். சேர்க்கும் எண்ணத்தோடு அவற்றை மேசைக்குள் மறைத்துவைத்தார் கீன், ஆனால் அவை பறிமுதலாயின. பிறகு வாழ்நாள் முழுவதும் ஜப்பானிய இலக்கியத்துக்கு உழைத்து, 2011 நிலநடுக்கத்துக்குப் பின் ஜப்பானியக் குடியுரிமை பெற்று அங்கேயே மறைந்தார். படை தன் தேவைக்குக் கற்பித்த மொழி இவர்கள் இருவரையும் படையின் தேவைக்கு அப்பால் கொண்டுபோனது. திட்டம் போட்டவர்கள் இதை எதிர்பார்த்திருக்கமாட்டார்கள்.

இந்த இடத்தில் வலுவான மறுப்பு ஒன்று எழும், அதைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. மொழி அறிவு மனிதரை நல்லவராக்கும் என்றால் பிரிட்டிஷ் பேரரசின் ஜெனரல் டயரை எங்கே வைப்பது? மர்ரியில் பிறந்து சிம்லாவில் படித்த அவருக்கு இந்துஸ்தானி நன்றாகத் தெரியும். 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாகில், தனக்குத் தெரிந்த மொழியில் கலைந்து போங்கள் என்று ஒரு வாக்கியம்கூடச் சொல்லாமல் சுட உத்தரவிட்டார். சுடாமலே கூட்டத்தைக் கலைத்திருக்க முடியும், ஆனால் அவர்கள் திரும்பி வந்து என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள் என்று அதை விசாரித்த ஹண்டர் குழுவின் முன் அவரே சொன்னார். அந்த வாக்குமூலத்தைக் கவனமாகப் படித்தால் விடையும் அங்கேயே கிடைக்கிறது. ஆளப்படுகிறவர் சிரிப்பதைப் பொறுக்க முடியாதவரின் மொழி அது. வேலைக்காரரிடமும் சிப்பாயிடமும் மேலிருந்து பேசிப் பழகிய மொழி. தப்பாகப் பேசிச் சிரிப்பை வாங்கிக்கொள்ளும் மாணவர் நிலையை அவர் அதில் ஏற்றிருந்தால் அந்த அச்சமே எழுந்திருக்காது. மொழி மட்டும் போதாது என்பதை டயர் நிரூபிக்கிறார், ஒப்புக்கொள்கிறேன். எப்படிக் கற்றோம் என்பதே முடிவு செய்கிறது என்பதையும் அவரே நிரூபிக்கிறார். அதே பேரரசின் ஊழியரான எல்லிஸ் 1812இல் சென்னையில் கல்லூரி அமைத்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் இளம் அதிகாரிகளைத் தமிழும் தெலுங்கும் படிக்கவைத்தார். வரி வசூலுக்கும் நிர்வாகத்துக்கும்தான் அந்தக் கல்வி. ஆனாலும் தமிழ்ப் புலவர்களின் எதிரே மாணவராக உட்கார்ந்த எல்லிஸ், திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்பதை 1816இலேயே எழுத்தில் நிறுவினார், குறளுக்கு உரையும் எழுதினார். அதனால் கம்பெனி ஆட்சி நியாயமாகிவிடவில்லை. ஆனால் அதிகாரத்தின் நிழலில் கற்கிறவருக்கும் வேறு வழி உண்டு என்பதற்கு அவர் உதாரணம்.

இன்னொரு மறுப்பு ஒளிவுமறைவைப் பற்றியது. மொழி கற்க வந்த கேடட் நாளைய உளவாளி இல்லையா? ஒற்றறிதலை அரசனின் கடமைகளில் ஒன்றாகவே வைத்தது குறள். ஆனால் அது அரசனுக்குச் சொன்னது, விருந்தினருக்கு இல்லை. 1795இல் எழுதிய ‘நிலையான அமைதி’யில் கான்ட் ஓர் எல்லை வகுக்கிறார். போர் முடிந்தபின் வரவேண்டிய அமைதியில் ஒருவரையொருவர் நம்ப முடியாதபடி ஆக்கும் செயல்களைப் போரின் நடுவிலும் செய்யக்கூடாது என்பது அவர் விதி. உளவாளிகளைப் பயன்படுத்துவதையும் அந்த வரிசையில் சேர்க்கிறார், ஏனென்றால் அந்தப் பழக்கம் போரோடு நிற்காமல் அமைதிக் காலத்துக்கும் பரவிவிடும். இதன்படி பார்த்தால், தான் யார் என்று விருந்தளிப்பவரிடம் மறைக்கும் கேடட், மொழி கற்றாலும் மொழிக்கு அடிப்படையான நம்பிக்கையைக் கொல்கிறார். ராணுவத்தில் சேரப்போகிறேன் என்று முதல் வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும். சொன்னபின் வீட்டுக்கதவு சாத்தப்பட்டால் அந்த மறுப்பை மதித்து வேறிடம் போக வேண்டும். அந்த வீட்டில் கேட்டதை அறிக்கையாக எழுதித்தரச் சொல்லும் எந்தத் திட்டமும் ஆரம்பத்திலேயே கெட்டது.

ஒரு கோடையின் எட்டு வாரத்தில் என்ன வந்துவிடும் என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. அமெரிக்க ராணுவ மொழிக் கல்லூரியிலேயே அரபுக்கும் கொரியனுக்கும் 64 வாரம் ஒதுக்குகிறார்கள். ஒரு கோடையில் யாரும் புலமை பெறப்போவதில்லை. ஆனால் நன்றிக்கடன் சேர எட்டு வாரம் தாராளமாகப் போதும். கைபேசியே மொழிபெயர்க்கும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்பதும் பாதி சரியான கேள்விதான். வாக்கியத்தின் பொருளைக் கருவி தந்துவிடும். திருத்தப்படுவதைப் பொறுத்துக்கொள்ளும் பழக்கத்தை அது தராது, யாருக்கும் நம்மைக் கடன்படவும் வைக்காது.

மிகக் கடினமான மறுப்பு படைக்குள்ளிருந்தே வரும். எதிரிமேல் இரக்கம் வந்துவிட்டால் அதிகாரி தயங்குவார், அந்தத் தயக்கத்தில் அவருடைய வீரர்கள் சாவார்கள். இதை இலகுவாக எடுத்துக்கொள்ள யாருக்கும் உரிமையில்லை. ஆனால் போரின் சட்டமே ஏற்கெனவே ஒரு பதிலைச் சொல்லியிருக்கிறது. போர்க்கைதியை அவருக்குப் புரியும் மொழியிலேயே விசாரிக்க வேண்டும் என்கிறது 1949ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தத்தின் 17ஆம் பிரிவு. எதிரியிடம் அவர் மொழியில் பேசுவது கருணையால் போடும் பிச்சை இல்லை, அவருக்கு உரிய உரிமை என்று நாடுகள் ஒப்புக்கொண்ட இடம் அது. போரிட வேண்டிய நேரத்தில் போரிடுவதைக் கடன் தடுக்காது. ஆனால் சோதனைச்சாவடியில் ஒரு மூதாட்டி எதற்காகக் கத்துகிறார் என்பது அந்த அணியில் மொழி கற்ற இந்த அதிகாரி ஒருவருக்கு மட்டுமே புரியலாம். புரிந்ததை அப்படியே மேலதிகாரியிடம் சொல்வதும், சொன்னது பிடிக்காமல் போனாலும் மாற்றிச் சொல்ல மறுப்பதும் இவர் கடமை. புரியவில்லை என்ற சாக்கு மற்ற வீரர்களுக்கு உண்டு, இவருக்கு இனி இல்லை.

எனவே கோடைக்கு முந்தைய மாதங்களின் தயாரிப்பில் இதற்கும் இடம் வேண்டும். நிறுத்து, கையைத் தூக்கு என்ற கட்டளைகளைப் போர்க் கையேடுகள் எப்படியும் கற்றுத்தந்துவிடும். அதற்கு முன் கேள்வி கேட்கவும் மன்னிப்புக் கேட்கவும் துக்கம் விசாரிக்கவும் அந்த மொழியில் பழக வேண்டும். போகும் நாட்டில் தன் நாட்டுப் படை முன்பு என்ன செய்தது என்பதை அந்த நாட்டவர் எழுதியதிலிருந்து படித்திருக்க வேண்டும், ஏனென்றால் சாப்பாட்டு மேசையில் யாராவது அதைக் கேட்கத்தான் போகிறார்கள். கற்பித்தவர்களுக்கு எதிராக என்னவெல்லாம் செய்யமாட்டேன் என்பதைத் தன் மனசாட்சிக்காக எழுதிப் பார்த்து, அதைத் தன்னைப் பயிற்றுவிக்கும் அதிகாரியோடு விவாதித்துவிட்டுப் புறப்பட வேண்டும். அந்த உரையாடலுக்கு நேரம் ஒதுக்கவேண்டியது கேடட்டை அனுப்புகிறவர்களின் பொறுப்பு.