சொல்ல மாட்டேன் என்று சொன்னது

“இவளுக்குக் கொஞ்சம் கவுன்சிலிங் குடுங்க மிஸ்.”

பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் இடையில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பயிற்சி உளவியலாளராகச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இந்த வாக்கியம் எனக்குப் பழகிவிட்டது. நம் ஊரில் கவுன்சிலிங் என்பது கொடுக்கப்படுவது. அடி கொடுப்பது, டோஸ் கொடுப்பது என்ற வரிசையில் வருவது. காவல் நிலையத்தில் காதலர்களைப் பிரித்து வீட்டுக்கு அனுப்புவதற்கும் அதே பெயர்தான். பையில் கைபேசி வைத்திருந்தவள், பேருந்து நிறுத்தத்தில் பையனோடு பேசியவள், காரணமில்லாமல் அழுதவள் என்று என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெஞ்சை உடைத்த பையன்கள் பி.இ.டி. சாரிடம் போனார்கள்.

எனக்குக் கிடைத்த இடம் வேதியியல் ஆய்வகத்தின் ஒரு மூலை. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அங்கே உட்கார்ந்துதான் அந்த வாக்கைக் கொடுத்தேன்.

அவள் பெயர், வகுப்பு, உறவு விவரங்கள் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். அப்படியும், இதை எழுதுவதே இரண்டாம் முறை வாக்குத் தவறுவதுதானோ என்ற உறுத்தல் போகவில்லை. கைபேசி வைத்திருந்த குற்றத்துக்காக அனுப்பப்பட்ட பெண் அவள். அரை மணி நேரம் மேசையின் அமிலக் கறையைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்: “நான் சொன்னா யாருகிட்டயும் சொல்ல மாட்டீங்கதானே மிஸ்?” நான் யோசிக்கவே இல்லை. “சொல்ல மாட்டேன்மா” என்றேன். படித்ததெல்லாம் அந்த நொடியில் எங்கே போனது என்று தெரியவில்லை. ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் இப்படிக் கேட்டால் வரும் பதில் அதுதான். அம்மாவும் சித்தியும் தோழியும் அதைத்தான் சொல்லி வந்திருக்கிறார்கள்.

பரீட்சை முடிந்ததும் தாய்மாமனுக்குக் கட்டிவைக்கப் போகிறார்கள் என்றாள். அவளுக்கு வயது 16. கல்யாணம் நிற்க வேண்டும், ஆனால் தான் சொல்லித்தான் நின்றது என்று தெரியக் கூடாது. “தெரிஞ்சா ஸ்கூல நிறுத்திடுவாங்க மிஸ்.”

அன்று மாலை என் பயிற்சி மேற்பார்வையாளரிடம் சொன்னேன். மறுநாள் 1098க்குத் தகவல் போனது.

சட்டத்தில் எனக்கு வேறு வழி இருந்ததா? 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட மனைவியோடு உறவு கொள்வதும் வன்புணர்வே என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, இப்படியொரு கல்யாணச் செய்தியைக் கேட்பவள் போக்சோ குற்றம் நடக்கப்போகிறது என்ற செய்தியையும் கேட்டவளாகிறாள். போக்சோவின் 19ஆவது பிரிவு, குற்றம் நடந்தது தெரிந்தாலும் நடக்கக்கூடும் என்று அஞ்சினாலும் சொல்லியாக வேண்டும் என்கிறது. மறைத்தால் 6 மாதம்வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஆகவே சொன்னது சரியா என்பது என் கேள்வி அல்ல. இன்றைக்கும் சொல்லத்தான் செய்வேன். சொல்ல மாட்டேன் என்று எந்த உரிமையில் சொன்னேன் என்பதுதான் கேள்வி.

மேற்பார்வையாளர் என்னைத் தேற்றினார். குழந்தையின் நன்மைக்காகச் சொன்ன பொய், விடு என்றார். இந்த ஆறுதல்தான் என்னைத் தொந்தரவு செய்தது. ‘உன் நன்மைக்குத்தான்’ என்பது அவள் வீட்டில் கல்யாணத்துக்கும் சொல்லப்பட்ட காரணம். மைனருக்குக் கொடுத்த வாக்கு வாக்கே இல்லை என்றால், பெண்களுக்குக் கொடுத்த வாக்குகளின் நிலைமை நமக்குப் புதிதல்ல. எந்த வயதிலும் யாரோ ஒருவரின் பாதுகாப்பில் இருக்க வேண்டியவளாகத்தானே நம்மை வைத்திருந்தார்கள். 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் பாதுகாவலர் சட்டம், குழந்தைக்கு இயற்கைப் பாதுகாவலர் தகப்பன், ‘அவருக்குப் பின்’ தாய் என்றது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் வழக்காடித்தான், அந்தப் ‘பின்’ என்ற சொல் தகப்பன் செத்த பிறகு என்று மட்டும் பொருள்படாது என 1999இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது.

இந்தச் சட்டக் கதையை இழுப்பதற்குக் காரணம் அவளுடைய அம்மா.

அதிகாரிகள் வீட்டுக்குப் போனார்கள். 18 முடியாமல் கட்டிக்கொடுக்க மாட்டேன் என்று அப்பா எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்கு மறுநாள் அம்மா பள்ளிக்கு வந்தார். காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரி உடைக்கும் வேலை. முந்திரி ஓட்டின் எண்ணெய் தோலைத் தின்றுவிடும். விரல் நுனிகள் கறுத்து உரிந்திருந்தன. சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மிஸ்” என்றார். நாத்தனாரிடமும் தம்பியிடமும் ஏதேதோ சாக்குச் சொல்லி, ஒரு வருஷமாகக் கல்யாணத்தைத் தள்ளிக்கொண்டு வந்ததே அவர்தானாம். இப்போது வீட்டில், மகளைத் தூண்டிவிட்டவள் என்ற பெயர் அவருக்கு. அடியும் அவருக்குத்தான் விழுந்தது.

மகளிடம் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது: வீட்டில் உன் பக்கம் யார்? தகவல் போவதை நான் தடுத்திருக்க முடியாது. ஆனால் எந்த நாளில் போக வேண்டும், வீட்டுக்கு வருகிறவர்கள் என்ன சொல்லி வர வேண்டும், அன்றிரவு அவளும் அம்மாவும் எங்கே இருப்பார்கள் என்பதையெல்லாம் அவளோடு உட்கார்ந்து யோசித்திருக்க முடியும். கடமை முடிந்தது என்ற நிம்மதியில் இதையெல்லாம் விட்டுவிட்டேன். கட்டாயத் தகவல் சட்டம் நம்மைச் சொல்ல வைக்கிறது. சொன்ன பிறகு அந்த வீட்டில் இருக்கப்போகிறவர்களைப் பற்றி நம்மிடம் ஒன்றும் கேட்பதில்லை.

இதற்கு நேரெதிரான தப்பித்தலும் உண்டு. “ரொம்பத் தோண்டாதீங்க, தெரிஞ்சா ரிப்போர்ட் பண்ணணும்” என்று ஓர் ஆசிரியை அக்கறையோடுதான் சொன்னார். காதல் விஷயமென்றால் இது இன்னும் சிக்கல். பதின்வயதுக் காதலைத் தண்டிப்பது போக்சோவின் நோக்கமல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் சொன்னாலும், 19ஆவது பிரிவு அப்படியே இருக்கிறது. அதனால் கேட்காமலிருப்பதே பாதுகாப்பு என்று ஆகிவிட்டது. யாருக்குப் பாதுகாப்பு? 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு சன்னலைத் திறந்தது: கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போக்சோ தகவலில் மருத்துவர் அவள் பெயரையும் அடையாளத்தையும் தர வேண்டியதில்லை. அந்தச் சன்னல் மருத்துவருக்கு மட்டும். கர்ப்பம்வரை போன பிறகு கிடைக்கும் ரகசியம், அதற்கு முன்பு பள்ளியில் வாய் திறக்கும் பெண்ணுக்குக் கிடையாது.

அவள் 11 நாள் பள்ளிக்கு வரவில்லை. பிறகு வந்தாள். கல்யாணம் இதுவரை நடக்கவில்லை. தாழ்வாரத்தில் எதிரே வந்தால் ஆய்வகப் பக்கம் திரும்பாமல் நடக்கிறாள், நானும் கூப்பிடுவதில்லை.

இப்போது யார் வந்தாலும், உட்கார்ந்ததுமே சொல்லிவிடுகிறேன்: சிலவற்றை என்னால் ரகசியமாக வைத்திருக்க முடியாது; அப்படி வந்தால் முதலில் உன்னிடம்தான் சொல்வேன், உன்னோடு பேசித்தான் அடுத்த அடி வைப்பேன். பாதிப்பேர் உடனே கணக்குப் பாடத்துக்குத் தாவிவிடுகிறார்கள். நான் வாயடைத்த பெண்கள் எத்தனை பேர் என்ற கணக்கு என்னிடம் வரப்போவதில்லை. போன மாதம் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, “அப்ப எதெல்லாம் சொல்லக் கூடாதுன்னு முன்னாடியே எழுதிக் குடுத்துடுங்க மிஸ்” என்றாள். எழுதிக் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு முறை படித்தாள். நான்காக மடித்து ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்துக்கொண்டு, “திங்கக்கிழம வரேன்” என்று போனாள்.