மழைக்கு வரப்பில்லை

மேல்பட்டாம்பாக்கத்து வரப்பில் நிற்போர் கண்ணில் நெல்லும் கரும்பும் படும். இத்தகைய பசுமையை உமறுப் புலவர் அரபு மண்ணில் கண்டார்! 17ஆம் நூற்றாண்டில் எழுந்த சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தில் மழை பொழிகிறது, ஆறு பெருகுகிறது, உழவர் நெல் விளைவிக்கின்றனர். பாலை நிலத்தில் மருதம் பாடியது பொய்யன்றோ எனச் சிலர் வினவுவர்.

பொய்யன்று என்போம் நாம். மழையும் ஆறும் பாடித் தொடங்குவது தமிழ்க் காப்பிய மரபு. அதனினும் ஆழ்ந்த காரணம் ஒன்றுண்டு. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அகிலத்துக்கே அருளாக வந்தவர்கள். அவ்வருளைத் தமிழ் உழவனுக்கு உணர்த்த மழையினும் பொருத்தமான உவமை ஏது? வயல் யாருடையது என வினவி மழை பெய்வதில்லை.

மாந்தரின் மாண்பை அளக்கும் கோலும் இதுவே. வள்ளல் சீதக்காதி மறைந்தபின் இக்காப்பியத்துக்குக் கைகொடுத்தவர் நம் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர். அவர் சேர்த்த பொருளை இன்று யாரறிவார்? ஈந்ததைத் தமிழ் அறியும்.

அண்டை வீட்டில் அடுப்பு எரியாதிருக்க, நம் இல்லத்தில் சீறா ஓதி மகிழ்கிறோம். மழைக்கு வரப்பில்லை; நம் செல்வத்துக்கு மட்டும் ஏன் வரப்பு?