ஒரு பேருக்கு எத்தனை கிலோ?

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். "இந்த மாசம் 22 பேர்" என்று ஒரு பெண் சொன்னால், 22 நாள் முழுச் சம்பளத்துக்கு வேலை செய்திருக்கிறாள் என்று அர்த்தம். செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் பெயருக்கு நேரே விழும் பதிவிலிருந்து வந்த வழக்காக இருக்கலாம். அந்தப் பேரை இரண்டாக வெட்டவும் முடியும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து, மலையேறி, மாலை வரை நிரையில் நின்று கொழுந்து பறித்தவளின் நிறை அன்றைக்குக் குறித்த கிலோவைத் தொடாவிட்டால் அவளுக்கு 'அரைப் பேர்'. ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவ, தலவாக்கலை, எந்தப் பக்கம் போனாலும் இந்தச் சொல்லுக்கு விளக்கம் கேட்க வேண்டியிருக்காது.

நாள் முழுக்க நின்றவளுக்கு அரை நாள் சம்பளம் கொடுப்பது நியாயமா?

அநியாயம் என்று உடனே சொல்லிவிடத் தோன்றும். மே தின மேடைக்கு அது போதும். ஆனால் கம்பனியின் பக்கத்திலும் கேட்க வேண்டிய பேச்சு உண்டு. தேயிலையின் விலை கொழும்பு ஏலத்தில், வாங்குபவர்களின் கையில் இருக்கிறது. உற்பத்திச் செலவில் பாதிக்கு மேல் தொழிலாளர் செலவு. மலையோ பரந்து கிடக்கிறது. எல்லா நிரையையும் கங்காணியின் கண் எட்டாது. ஒருத்தி 25 கிலோவும் இன்னொருத்தி 9 கிலோவும் கொண்டுவந்தால், இருவருக்கும் ஒரே சம்பளம் என்பது முதலாமவளுக்குச் செய்யும் அநீதி என்று நிர்வாகம் வாதிடும். லயத்தில் விசாரித்தால் 25 கிலோ எடுத்தவளும் அதைத்தான் சொல்வாள். ஆகவே எடை பார்ப்பதே குற்றம் என்று சொல்ல முடியாது. எடைக்குக் கூலி என்பது உலகத்தில் பல தொழில்களில் உள்ள முறை. அதிலும் ஒரு நேர்மை இருக்கிறது.

நேரத்துக்குக் கூலி என்பதிலும் ஒரு நேர்மை இருக்கிறது. உன் எட்டு மணி நேரத்தை எனக்குக் கொடு, அதற்குள் என்ன விளைகிறது என்பது என் பொறுப்பு என்று வேலை கொடுப்பவர் சொல்கிறார். மழை வந்தாலும் கொழுந்து இல்லாவிட்டாலும் நட்டம் அவருடையது. கொழுந்து கொழித்தால் இலாபமும் அவருடையது. எடைக்குக் கூலி என்றால் நட்டமும் இலாபமும் பறிப்பவளைச் சேரும்; அதற்குப் பதிலாக எப்போது வருவது, எப்போது போவது என்ற சுதந்திரமும் அவளைச் சேர வேண்டும். இரண்டில் எதை எடுத்தாலும் கணக்கு நேராகிவிடும்.

தோட்டத்தில் கொழுந்து பறிப்பவளுக்கு இரண்டும் சேர்ந்தே பொருந்துகின்றன. குறித்த கிலோவை மத்தியானத்துக்குள் எடுத்துவிட்டாள் என்பதற்காக அவள் வீட்டுக்குப் போய்விட முடியாது. மாலை வரை நிற்க வேண்டும், ஏனென்றால் அது நாள் வேலை. மாலை வரை நின்றும் கிலோ குறைந்தால் முழு நாள் இல்லை, ஏனென்றால் அது எடை வேலை. கூடுதல் கிலோவுக்குத் தனியாகக் காசு உண்டு என்பது உண்மைதான். ஆனாலும் நேரம் அவளுக்குச் சாதகமாகும்போது எடையையும், எடை சாதகமாகும்போது நேரத்தையும் எடுத்து அளக்க ஒரே கையில் இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன. கவ்வாத்து வெட்டப்போகும் ஆணுக்கு இந்தச் சிக்கல் அநேகமாக இல்லை. அவனுக்கென்று கொடுத்த செடிகளை வெட்டி முடித்தால் வேளையோடு வீடு திரும்பலாம், முழுப் பேர். 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்சம்பளம் சமமானது. ரூபாவில் வந்த அந்தச் சமத்துவம் மணிக்கூட்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இந்த இரட்டை அளவைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது? 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் தேயிலைத் தொழிலுக்கென்று ஒரு சபை இருக்கிறது. தொழிலாளர், முதலாளிமார், அரசு நியமித்தவர்கள் என்று மூன்று தரப்பும் அமர்ந்து குறைந்தபட்ச நாட்சம்பளத்தைத் தீர்மானிக்கும் இடம் அது. ஆனால் பல வருடங்கள் மலையகச் சம்பளம் அங்கே தீர்மானிக்கப்படவில்லை. தொழிற்சங்கங்களும் முதலாளிமார் சம்மேளனமும் கையெழுத்திட்ட கூட்டு ஒப்பந்தத்தில் தீர்மானமானது. 2016 ஒப்பந்தத்தைப் பார்த்தால் விஷயம் புரியும். 730 ரூபா என்று செய்தி வந்தது. அதில் அடிப்படைச் சம்பளம் 500; வரவுக்கு 60, உற்பத்திக்கு 140, விலைப் பங்காக 30. அதாவது 730 என்பது எல்லா நிபந்தனைகளும் கூடிவந்த நாளின் சம்பளம். 2019இல் வரவுப் படியும் உற்பத்திப் படியும் போய், அடிப்படை 700 ஆனது.

பிறகு 2021 மார்ச்சில், சம்பளச் சபை வழியாக, ஆயிரம் ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்தது. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின, நீதிமன்றமும் சென்றன. பல வருடம் கேட்டுப் போராடிய ஆயிரம் கைக்கு வந்த சில வாரங்களிலேயே இன்னொரு முறைப்பாடு தோட்டம் தோட்டமாக எழுந்தது: பேருக்கு உரிய கிலோவைக் கூட்டிவிட்டார்கள், எடுக்க முடியாதவர்களுக்கு அரைப் பேர் போடுகிறார்கள். 2024 மே தினத்தன்று கொட்டகலைக் கூட்டத்தில் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க 1,700 ரூபாவை அறிவித்தார். யூலையில் உயர் நீதிமன்றம் அதற்கான வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் 1,350 என்று முடிந்தது.

இத்தனை வருடமாக மேடையிலும் நாடாளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் பேசப்பட்டது ரூபா. நாட்சம்பளம் என்பது ஒரு பக்கத்தில் ரூபாவும் மறுபக்கத்தில் கிலோவும் உள்ள ஒரு பேரம். ரூபாவை மூன்று தரப்பு அமர்ந்து தீர்மானிக்கிறது. கிலோவைத் தோட்ட நிர்வாகம் தீர்மானிக்கிறது. பேரத்தின் ஒரு பாதியைச் சட்டம் பூட்டிவைத்தால் மறுபாதியின் கதவு வழியாகப் பேரம் வெளியே போய்விடும். 2021இல் எழுந்த முறைப்பாட்டின் சாரம் இதுதான். இதில் தொழிற்சங்கங்களுக்கும் பங்கு உண்டு. மாதாமாதம் சம்பளத்திலிருந்து சந்தா கழிக்கப்படுகிறது. தேர்தல் காலத்தில் ரூபாவின் தொகையைக் கூட்டிச் சொல்லத் தலைவர்களுக்குள் போட்டி நடக்கிறது. கிலோவைப் பற்றிப் பேசக் கைதட்டல் கிடைக்காது. அது தோட்டத்துக்குத் தோட்டம், மலைக்கு மலை, மாதத்துக்கு மாதம் மாறுகிற சலிப்பூட்டும் வேலை.

கிலோ யாரால் உண்டாகிறது என்பதை யோசித்தால் பொறுப்பின் கேள்வி தெளிவாகும். கொழுந்து பறிப்பவளின் கைவேகம் அதில் ஒரு பங்குதான். செடிக்கு என்ன வயது, வேளைக்குக் கவ்வாத்து நடந்ததா, செத்த செடிகளின் இடத்தில் புதியது நட்டார்களா, உரம் போட்டார்களா, புல் வெட்டினார்களா என்பவை மற்றப் பங்கு. இவற்றில் ஒன்றுகூட அவள் கையில் இல்லை. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் போனது. பின்னர் குத்தகை 53 வருடமாக்கப்பட்டு 2045இல் முடிய இருக்கிறது. இன்று நடும் தேயிலை சில வருடம் கழித்துத்தான் பறிப்புக்கு வரும். பலன் பல பத்தாண்டு நீளும். குத்தகை முடியும் திகதி நெருங்க நெருங்க, நடுவதற்கான ஆர்வம் குறைவது வியாபாரத்தில் எதிர்பார்க்கக்கூடியதே. ஆனால் நடாமல் மிச்சப்படுத்திய காசு கம்பனியின் கணக்கிலும், நடாததால் குறைந்த கொழுந்து பறிப்பவளின் கணக்கிலும் விழுவதை வியாபாரம் என்று ஏற்க முடியாது.

அரசும் இதில் நல்லபிள்ளை இல்லை. 2015இல் கிளைபோசேட் களைநாசினி தடை செய்யப்பட்டது. 2018இல்தான் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை நீங்கியது. தடைக்கு உடல்நலக் காரணம் சொல்லப்பட்டது, அது தனி விவாதம். ஆனால் இடுப்பளவு புல்லுக்குள் அட்டைக்கும் பாம்புக்கும் பயந்து நிரை போகிறவளின் வேகம் புல்லில்லாத மலையில் உள்ள வேகமாக இருக்காது. 2021இல் இரசாயன உர இறக்குமதி ஒரே இரவில் நிறுத்தப்பட்டது, சில மாதங்களில் அந்த முடிவு திருப்பி எடுக்கப்பட்டது. அந்த வருடம் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி கிலோ அளவுக்கு இறங்கியது. கொழும்பில் எடுத்த ஒரு முடிவால் செடி மெலிந்தது. மெலிந்த செடியிடம் பழைய கிலோவை எதிர்பார்த்து நின்ற தராசுக்கு முன்னால், அந்த முடிவை எடுத்த ஒருவரும் கொழுந்துச் சாக்குடன் நிற்கவில்லை.

உடலும் ஒரு கணக்கு. 2021ஆம் ஆண்டின் சட்டமொன்று ஓய்வு பெறும் குறைந்தபட்ச வயதை 60 ஆக்கியது. அறுபதுக்கு முன் வயதைக் காட்டி ஒருவரை நிறுத்த முடியாது என்பது நல்ல பாதுகாப்பு. ஆனால் 22 வயதுப் பெண்ணுக்கும் 58 வயதுக்காரிக்கும் ஒரே கிலோ என்றால், சட்டம் நிறுத்தக்கூடாது என்று சொன்னவளைத் தராசு மெல்ல மெல்ல நிறுத்திவிடும்.

தொழிலாளியின் கடமையையும் பேச வேண்டும். அதைப் பேசாமல் உரிமையை மட்டும் எழுதுவது அவளைக் குழந்தையாக நடத்துவதாகும். சம்பளம் வாங்குகிறவளுக்கு அந்த நேரத்தை முழுதாகக் கொடுக்கும் கடன் உண்டு. 'இரண்டு இலை ஒரு மொட்டு' என்பது வெறும் விளம்பர வாசகம் இல்லை. முற்றல் இலையையும் தண்டையும் சேர்த்து உருவிப்போட்டால் தொழிற்சாலையில் தேயிலையின் தரம் விழும், ஏலத்தில் விலை விழும், அடுத்த சுற்றுக்குச் செடியும் துளிர்க்கத் தயங்கும். அது கம்பனிக்கு மட்டும் செய்யும் தீங்கில்லை, அடுத்த நிரையில் நிற்கும் சகதொழிலாளிக்கும் சேர்த்துச் செய்வது. நிறை போடுமுன் சாக்கை நனைப்பதும் அப்படியே. ஆனால் இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. கிலோவை எட்டாவிட்டால் சம்பளத்தில் பாதி போகும் என்ற பயம்தான் முற்றல் இலையைச் சாக்குக்குள் தள்ளுகிறது. எடையை மட்டும் கேட்கிற தோட்டத்துக்கு எடைதான் கிடைக்கும்.

இந்தச் சிக்கலிலிருந்து வெளியேற நிர்வாகங்கள் சொல்லும் வழி வருமானப் பகிர்வு. ஒரு குடும்பத்துக்குக் குறித்த அளவு செடிகளைப் பிரித்துக் கொடுப்பது, பராமரித்துக் கொழுந்தைத் தொழிற்சாலைக்குக் கொடுத்தால் விலையில் பங்கு தருவது. யோசனையை எடுத்த எடுப்பில் தள்ளத் தேவையில்லை. தன் செடி என்ற எண்ணம் வந்தால் கை வேறு மாதிரிப் பறிக்கும், நேரமும் அவளுடையதாகும். ஆனால் நிலத்துக்கு உறுதி இல்லாமல், வேலைக்காரி என்ற அந்தஸ்தும் போய்விட்டால் ஏலத்தின் ஏற்ற இறக்கம் முழுக்க ஒரு லயக் காம்பராவின் தலையில் வந்து உட்காரும். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி கட்ட வேண்டிய 12 வீதம், நம்பிக்கை நிதிக்கான 3 வீதம், ஐந்து வருடச் சேவைக்கு மேல் வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்ற கணக்கில் வரும் சேவைக்காலப் பணம், எல்லாம் 'வேலைக்காரி' என்ற ஒரு சொல்லில் தொங்குகின்றன. ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசு வேலையிலும் இதே கேள்வி இருக்கிறது. கிலோவுக்கு இவ்வளவு என்று காசாகக் கொடுத்தாலும், துண்டு வேலைக்கும் சேமலாப நிதி உண்டு என்பதே சட்டம்.

2025 நவம்பரில் வந்த வரவுசெலவுத் திட்டம், 2026 முதல் நாட்சம்பளத்தை 1,550 ஆக்கி, வேலைக்கு வரும் நாளுக்கு 200 ரூபாவை அரசே கொடுக்கும் என்றது. கம்பனியின் கூலியில் ஒரு பங்கை நாட்டு மக்களின் வரிப்பணம் சுமப்பது சரியா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனாலும் அந்த 200 ரூபா ஒரு பழைய உண்மையைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறது: 2019இல் ஒப்பந்தத்திலிருந்து கழற்றப்பட்ட வரவுப் படி, எடை எதுவானாலும் மலைக்கு வந்து நின்றதற்கே ஒரு விலை உண்டு என்ற ஒப்புதல்.

நியாயமான கிலோ என்று ஒன்று இருக்க முடியுமானால் அதை மலையின் ஓரத்தில் நின்றுதான் சொல்ல முடியும். தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரும் கணக்குப்பிள்ளையும் துரையின் ஆளும் அந்தச் செடிகளைப் பார்த்து, இந்த மலையில் இன்றைக்கு இவ்வளவு வரும் என்று பறிப்புக்கு முன்பே ஒப்புக்கொள்ள வேண்டும். மாசியில் பனி கருக்கிய மலைக்கு ஒரு கிலோ, சித்திரையில் கொழுந்து பொங்கும் மலைக்கு ஒரு கிலோ. ஒப்புக்கொண்ட பிறகு அவள் வேண்டுமென்றே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள் என்று காட்ட முடிந்தால் சம்பளம் குறையட்டும். காட்டும் பொறுப்பு வெட்டுகிறவருடையது. செடியால் குறைந்ததை, மழையால் குறைந்ததை அவளிடம் அறவிடக்கூடாது. கூட்டு ஒப்பந்தம் இருந்த காலத்தில் இப்படிப் பேச எதிரெதிரே உட்கார ஒரு மேசையாவது இருந்தது. அதை யாரும் திரும்பத் தூக்கிவைக்கவில்லை.

பத்தாந்திகதி சம்பளச் சீட்டு வருகிறது. எத்தனை பேர், அதில் எத்தனை அரை, சேமலாப நிதிக்கு 8 வீதம், சந்தா, முற்பணக் கழிவு, எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. எந்த மலை, அன்றைக்கு என்ன மழை, செடிக்குக் கடைசியாக எப்போது உரம் போட்டது என்று எழுத அந்தச் சீட்டில் கட்டம் கிடையாது.