தடித்த எழுத்து

கெண்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் நகரில், 1936-இல் பந்தயம் தொடங்கிய கீன்லேண்ட் மைதானத்தில், செப்டம்பர்தோறும் ஏலத்துக்கு வரும் ஒரு வயதுக் குதிரைக்குட்டிகளுக்கு விளம்பரம் செய்யப் பயிற்சி பெறும் இளைஞன், முதலில் வாசிக்கக் கற்க வேண்டியது ஏலப் பட்டியலின் ஒரு பக்கத்தையே. தாய்வழி வம்சாவளியை விரித்துரைக்கும் அப்பக்கத்தில், பெரும்பந்தயங்களில் வென்ற அல்லது அடுத்த இடங்களைப் பெற்ற குதிரைகளின் பெயர்கள் தடித்த கறுப்பெழுத்தில் அச்சாகியிருக்க, வாங்க வந்தவரின் பார்வை அங்கேதான் முதலில் பாயும். ஆயினும், குட்டியின் நடையைப் பாராமலே அதன் கீர்த்தியை எழுதத் துணிவது அநியாயமென்றே கருதுகிறேன். ஏனெனில், பின்தொடையில் எண்சீட்டு ஒட்டப்பெற்று, குதிரைக்காரனின் கைக்கயிற்றுக்கு இசைந்து, காதுகளை விறைத்தபடி எதிரே வரும் அந்தக் கபிலநிறக் குட்டி, இன்னும் ஒரு பந்தயமும் ஓடி அறியாதது.