தெரிவு என்னும் அடைக்கலம்

பொருள் விற்போர்க்குரிய அறம், நிறையிலும் விலையிலும் பிழை செய்யாமையோடு முடிந்துவிடுமா? கேட்டதைக் கொடுக்கும் வணிகருக்கு அவ்வளவே போதும் எனலாம். ஆனால், 'எமக்கு ஏற்றவற்றை நீரே தெரிந்து அனுப்புக' என்று வாங்குவோர் கூறிவிடின், அவர் கடமை எத்தகையது? பிரெஞ்சு நூல்களை அயல்நாட்டு நூலகங்களுக்கு அனுப்பும் வணிகரைக் கொண்டு இவ்வினாவை நாம் ஆராய்வோம்.

1942ஆம் ஆண்டு, உலகப் போரால் ஐரோப்பிய நூல்களின் வரவு தடைப்பட்டிருந்த வேளையில், அமெரிக்க நூலகத் துறையினர் பார்மிங்டன் என்னும் ஊரில் கூடினர். ஆராய்ச்சிக்குப் பயன்படும் அயல்நாட்டு நூல் ஒவ்வொன்றிலும் ஒரு படியேனும் தம் நாட்டில் இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் அங்கே உருப்பெற்றது. பிரான்சு, சுவீடன், சுவிட்சர்லாந்து நூல்களோடு 1948இல் தொடங்கிய அத்திட்டம் 1972 வரை நடைபெற்றது. பின்னாளில் நூலகங்கள் தத்தமக்கு உகந்த வணிகரிடமே இப்பணியை ஒப்படைத்தன. பாரிசின் ழான் தூசோ போன்ற நிறுவனங்கள் அவ்வகையில் வட அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு நூல் அனுப்பி வந்தன.

நூலகம் தன் தேவையை வரையறுத்து எழுதித் தரும்: தற்கால இலக்கியம் வேண்டும், வரலாறு வேண்டும், பள்ளிப் பாடநூல் வேண்டா, மொழிபெயர்ப்பு வேண்டா. அவ்வரையறைக்குள் தெரிபவர் வணிகரே. ஏலாத நூலைத் திருப்பி அனுப்பும் உரிமை பல ஏற்பாடுகளில் உண்டு. எனினும், கடல் கடந்து திருப்பும் செலவு நூலின் விலையையே விஞ்சலாம். வந்த நூலை மறுக்கலாம். வாராத நூலை எவர் அறிவார்? பெரும் பதிப்பகத்தின் புதினம் எவ்வழியேனும் வந்து சேரும். சிற்றூர் அச்சகம் ஒன்று சில நூறு படிகளே வெளியிட்ட கவிதை நூலோ, வணிகர் புறக்கணித்தால் அந்நாட்டை எட்டாமலே போகும். கணக்குத் தணிக்கைக்குச் சிக்காத இவ்விடத்தேதான் மனச்சான்றின் வேலை தொடங்குகிறது.

'வயிற்றுப்பாட்டுக்கு வணிகம் செய்வோர் மீது இத்துணைச் சுமை ஏன்?' என்று சிலர் வினவலாம். ஊதியம் பெறுதல் குற்றமன்று. அஞ்சல், கட்டுமானம், ஆள் கூலி யாவும் அதிலிருந்தே வரல் வேண்டும். ஆயினும் பிறர் பொருட்டுத் தெரியும் உரிமையை ஏற்றவர், அடைக்கலப் பொருளை ஏற்றவர் ஆகிறார். வள்ளுவர் வணிகரின் அறத்தைப் பொருட்பாலில் வைக்கவில்லை. அறத்துப்பாலில், நடுவு நிலைமை அதிகாரத்தில் வைத்தார் என்பது ஈண்டு எண்ணத்தக்கது.

வாங்குவோர்க்கும் கடமை உண்டு. அலுவலகக் கோப்புகளிடையே வாழும் நம்மில் பலர், குறைந்த விலைப்புள்ளியையே ஏற்கும் விதியை நன்கறிவர். நாற்காலிக்கும் மேசைக்கும் அவ்விதி பொருந்தும். தேர்ந்தறியும் திறனுக்கு விலை கொடாத நூலகம், பின்னர் அத்திறன் இல்லையே என்று வருந்துவதில் நியாயமில்லை.

இது நமக்கு அயலார் கதையன்று. அமெரிக்கக் காங்கிரசு நூலகம் 1962இல் புதுதில்லியில் அலுவலகம் திறந்து, கோதுமை விற்ற ரூபாயைக் கொண்டு தமிழ் உள்ளிட்ட இந்திய மொழி நூல்களைத் திரட்டியது. நம் எழுத்தாளர் பலர் கடல் கடந்த அடுக்குகளில் இடம் பெற்றதும் யாரோ ஒருவரின் தெரிவினாலன்றோ? தாயகம் விட்டு வந்த நம் சங்க நூலகத்துக்கு ஆண்டுதோறும் நூல் தெரிகையில், இன்று கேட்போரை மட்டும் எண்ணாது, நாளை நம் பேரப்பிள்ளைகள் எதைத் தேடுவர் என்பதையும் எண்ணுவோமாக. இன்னும் பிறவாத வாசகருக்கு வழக்காட எவருமிலர். தெரிபவரின் நேர்மை ஒன்றே அவர்க்குத் துணை.